பிள்ளைகளின் உடலும் ஓர் அமானிதமே!

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் தூய குடும்பத்தார், அருமைத் தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழ்ந்த நல்லோர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

 

அமானிதம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பணமும் நகையும்தான். ஒருவர் நம்மிடம் ஐம்பதாயிரம் ரூபாயைக் கொடுத்து வைத்துவிட்டு வெளிநாடு போனால், அவர் திரும்பி வரும்வரை நமக்குத் தூக்கம் வராது. ஆனால் அல்லாஹ் நம் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிற பெரிய அமானிதம் நம் பிள்ளைகள். அவர்களின் ஈமானும் அமானிதம், கல்வியும் அமானிதம், உடலும் அமானிதம். முதல் இரண்டைப் பற்றி இந்த மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறோம். மூன்றாவதைப் பற்றி இன்று பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

உடல் பருமனான குழந்தைகள், அவர்களின் இதயம், அவர்களின் சர்க்கரை, அவர்களின் விளையாட்டு. "இதெல்லாம் டாக்டர் பேச வேண்டிய விஷயம், ஹஜ்ரத் ஏன் பேச வேண்டும்?" என்று சிலருக்குத் தோன்றலாம். நாயகம் (ஸல்) அவர்கள் நம்மில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒருவரின் பிள்ளைக்கும் அவர் மீது உரிமை உண்டு என்றும் சொன்னார்கள் (முஸ்லிம்). விசாரணை உள்ள விஷயத்தை மிம்பரில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

பேனா யாரை விட்டு உயர்த்தப்பட்டது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மூன்று பேரை விட்டும் பேனா உயர்த்தப்பட்டுவிட்டது, அதில் ஒருவர் பருவமடையாத குழந்தை என்று ஹதீஸில் வருகிறது (அபூதாவூத்). எட்டு வயதுப் பிள்ளை அதிகம் சாப்பிட்டு எடை கூடிவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் குற்றமில்லை. அந்தப் பிள்ளை கடைக்குப் போய் எண்ணெய் வாங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் குளிர்பானத்தை அடுக்கவில்லை. தன் கையில் செல்போனைத் தானே வாங்கிக் கொடுத்துக் கொள்ளவில்லை. எல்லாம் நாம் செய்தது. பேனா பிள்ளையை விட்டு உயர்ந்தது. தாய் தகப்பனை விட்டு உயரவில்லை.

பிந்திய காலத்தில் வரும் ஒரு கூட்டத்தாரிடம் பருமன் வெளிப்படும் என்ற முன்னறிவிப்பு புகாரியில் இருக்கிறது. அதைச் சில பேர் குண்டான மனிதர்களைக் குத்திக்காட்டப் பயன்படுத்துகிறார்கள். அது தவறு. உண்டு கொழுப்பதையே நோக்கமாக்கிக் கொண்டவர்களைப் பற்றிய கண்டனம் அது; இயல்பிலேயே பருமனான உடல் அமைந்தவரைப் பற்றியது அல்ல என்று விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். பெரியவருக்கே இந்த விளக்கம் என்றால் குழந்தையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே இன்றைய பயானைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் திட்ட யாருக்கும் அனுமதி இல்லை. இது நமக்கான நஸீஹத்.

கொழுகொழு என்றால் ஆரோக்கியமா?

நம் பெரியவர்கள் பஞ்சத்தைப் பார்த்தவர்கள். ஒட்டிய கன்னமும் தெரியும் விலா எலும்பும் அவர்களை அச்சுறுத்திய காட்சிகள். அதனால் பேரப்பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் நன்னிமார்களுக்கு மனசு நிறையும். இன்னும் ஒரு கை அள்ளி வைப்பார்கள். அந்தப் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலம் மாறிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 39 கோடிக்கும் அதிகமானோர் கூடுதல் எடையுடன் இருந்தார்கள். அதில் 16 கோடிப் பேர் உடல் பருமன் என்ற நிலையை எட்டியவர்கள். நம் நாட்டில் 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலேயே கூடுதல் எடையுள்ளவர்களின் விகிதம் முந்தைய ஆய்வில் இருந்த 2.1 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாக உயர்ந்திருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் இந்தியப் பிள்ளைகளுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றைச் சுற்றியும் வயிற்றின் உள்ளேயும் கொழுப்பு சேரும் தன்மை அதிகம். பூனாவில் மருத்துவர் யாஜ்னிக் அவர்கள் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆகவே பார்வைக்குக் குண்டாகத் தெரியவில்லை என்பதால் மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

வீட்டிலேயே பார்க்க இரண்டு வழிகள் சொல்கிறேன். ஒன்று, ஒரு கயிற்றை எடுத்துப் பிள்ளையின் உயரத்தை அளந்து கொள்ளுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். மடித்த கயிறு இடுப்பைச் சுற்றி வர வேண்டும். வராவிட்டால், அதாவது இடுப்பின் அளவு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

இரண்டு, பிள்ளையின் பிடரியைப் பாருங்கள். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல இருக்கிறதா? பல தாய்மார்கள் அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள். பிள்ளை வலியில் அழுகிறது, கறுப்பு போகவில்லை. பருமனான பிள்ளையிடம் அப்படித் தெரிந்தால் அது பெரும்பாலும் அழுக்கு அல்ல. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், அதை ஈடுகட்ட அதிகமாகச் சுரக்கிறது என்பதன் அடையாளம். சர்க்கரை நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அல்லாஹ் தோலில் ஓர் எச்சரிக்கையை எழுதி வைக்கிறான். அதைத் தேய்த்து அழிக்கப் பார்க்காமல் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இதயத்தின் கணக்கு எப்போது தொடங்குகிறது?

"மாரடைப்பு ஐம்பது வயதுக்காரர்களுக்கு வருவது, பிள்ளைக்கு என்ன?" என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் போகலூசா என்ற சிற்றூரில் 1970களில் தொடங்கி, குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் விபத்து போன்ற காரணங்களால் இளவயதில் இறந்துபோனவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது, இதய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புக் கோடுகள் சிறு வயதிலேயே விழத் தொடங்கியிருப்பதைக் கண்டார்கள். உடல் எடை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவை யாரிடம் ஒன்றுசேர்ந்து கூடியிருந்தனவோ அவர்களிடம் அந்தப் பாதிப்பும் அதிகமாக இருந்தது. நாற்பது வயதில் வெளிவரும் நோய்க்குப் பத்து வயதிலேயே விதை விழுகிறது.

பருமனான பிள்ளையின் உடலுக்குள் நடப்பதை எளிமையாகச் சொல்கிறேன். நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாகி இரத்தத்தில் வருகிறது. அந்தச் சர்க்கரை தசைக்குள் போக வேண்டும். இன்சுலின் என்பது அந்தக் கதவின் சாவி. உடலில், குறிப்பாகக் கல்லீரலிலும் வயிற்றின் உள்ளேயும், கொழுப்பு அதிகமாகச் சேரும்போது பூட்டு துருப்பிடிக்கிறது. சாவி போட்டும் கதவு திறக்க மறுக்கிறது. கணையம் இன்னும் இன்னும் சாவிகளைச் செய்து அனுப்பி, ஒரு கட்டத்தில் களைத்துப் போகிறது. அப்போதுதான் சர்க்கரை நோய் வெளியே தெரிகிறது. இதற்கிடையில் கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இரத்த அழுத்தம் கூடுகிறது, இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரியும் தன்மையை இழக்கின்றன, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஒழுங்கு கெடுகிறது.

உடல் அசைந்தால் என்ன நடக்கிறது?

இப்போது நற்செய்தி. தசை வேலை செய்யும்போது, இன்சுலின் என்ற சாவி இல்லாமலேயே அந்தக் கதவு உள்ளிருந்து திறந்துகொள்கிறது. ஓடும் பிள்ளையின் தொடைத் தசை, இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. ஓடி முடித்த பிறகும் பல மணி நேரம் அந்தத் தசையில் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. ஸுப்ஹானல்லாஹ்! நம் ரப்பு நோயை இறக்கியபோது மருந்தையும் இறக்கினான் என்று படிக்கிறோமே, அந்த மருந்துகளில் ஒன்றை நம் காலுக்குள்ளேயே வைத்திருக்கிறான்.

2012இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில மருத்துவக் கல்லூரியினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 7 முதல் 11 வயது வரையுள்ள, எடை கூடிய, ஓடியாடாத 222 பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி இல்லை. ஒரு பிரிவுக்குத் தினம் 20 நிமிடம். இன்னொரு பிரிவுக்குத் தினம் 40 நிமிடம். பள்ளி நாட்களில் 13 வாரங்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஓடிப்பிடிக்கும் விளையாட்டு, கயிறு தாண்டுதல், பந்து. ஜெயிப்பது தோற்பது முக்கியம் என்று வைக்கவில்லை. இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும் என்பதே நோக்கம். முடிவில், விளையாடிய பிள்ளைகளுக்கு இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது, உடல் தெம்பு கூடியது, வயிற்றின் உள்கொழுப்பு குறைந்தது. 20 நிமிடத்திலேயே பலன். 40 நிமிடத்தில் இன்னும் அதிகப் பலன்.

பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "ஒரு மாதம் விளையாடினான், எடை குறையவில்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். எடைக் கருவி காட்டாவிட்டாலும் இரத்தக் குழாயும் கல்லீரலும் இதயமும் பலன் பெற்றுக்கொண்டேதான் இருக்கும். அதுவும் வளரும் பிள்ளைக்குப் பல நேரம் எடையைக் குறைப்பது இலக்கே அல்ல. உயரம் வளர வளர எடை கூடாமல் நின்றாலே போதும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பட்டினி போடுவது, இணையத்தில் பார்த்த மருந்தைக் கொடுப்பது எல்லாம் ஹராமான விளையாட்டு. அல்லாஹ் நம் கைகளாலேயே அழிவில் விழ வேண்டாம் என்று தடுத்திருக்கிறான் (2:195).

நாயகம் (ஸல்) அவர்கள் பிள்ளைகளை ஓட வைத்தார்கள்

அன்பானவர்களே! நாயகம் (ஸல்) அவர்கள் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் பிள்ளைகள் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ், குஸய்யிர் ஆகியோரை வரிசையாக நிற்க வைத்து, என்னிடம் யார் முதலில் ஓடி வருகிறாரோ அவருக்கு இன்னின்னது தருவேன் என்று சொல்வார்கள். பிள்ளைகள் போட்டி போட்டு ஓடி வந்து, நபிகளாரின் முதுகிலும் நெஞ்சிலும் விழுவார்கள். அவர்களை அணைத்து முத்தமிடுவார்கள். முஸ்னத் அஹ்மதில் இந்தச் செய்தி இருக்கிறது.

முழு உம்மத்தின் பாரத்தைச் சுமந்தவர்கள், வஹீ இறங்கும் நெஞ்சை உடையவர்கள், பிள்ளைகள் ஓடி வந்து விழுவதற்காக அந்த நெஞ்சைத் திறந்து வைத்தார்கள். நாம் அஸருக்குப் பிறகு என்ன செய்கிறோம்? சோபாவில் சாய்ந்து ஒரு போனை நாம் பார்க்கிறோம். இன்னொரு போனைப் பிள்ளை பார்க்கிறது.

இன்னொரு ஹதீஸ். நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அதில் கலந்துகொண்டவர். மெலியவைத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை தூரம் வைத்தார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல் என்று அறிவிப்பாளர் சுஃப்யான் சொல்கிறார். பயிற்சி கொடுக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. அது ஒரு மைல் (புகாரி). குதிரையைத் தீனி அளந்து, வியர்க்க வைத்து, சதையை இறுக்கித் தயார் செய்வதற்கு அரபியில் தழ்மீர் என்று பெயர்.

இதில் எவ்வளவு பெரிய பாடம்! பயிற்சி இல்லாத குதிரையைப் பந்தயத்திலிருந்து ஒதுக்கி ஓரம் கட்டவில்லை. பயிற்சி பெற்ற குதிரையோடு ஓடவிட்டு அவமானப்படுத்தவும் இல்லை. அதற்கென்று அதற்கு ஏற்ற தூரத்தை வைத்தார்கள். குதிரையிடமே இந்த நீதி என்றால், நம் பருமனான பிள்ளையிடம் நாம் எப்படி நடக்க வேண்டும்? "அடுத்த வீட்டுப் பையன் எப்படி ஓடுகிறான் பார்" என்று ஒப்பிட்டால் பிள்ளை அன்றே விளையாட்டை வெறுத்துவிடும். முதல் வாரம் பத்து நிமிடம் வேக நடை. பிறகு காலையில் பத்து, மாலையில் பத்து. மெல்ல மெல்லக் கூட்டி, மூன்று நான்கு மாதத்தில் ஒரு மணி நேரத்தை எட்டலாம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் கடினமான ஆட்டம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பிரித்துப் பிரித்துச் செய்யலாம். வேகம் எவ்வளவு என்று கேட்டால், பிள்ளையால் பேச முடிய வேண்டும். ஆனால் ராகம் போட்டு பைத் படிக்க முடியக் கூடாது. அதுதான் அளவு.

ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், அளவுக்கு மீறிய மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். எடை மிக அதிகமாக இருக்கும் பிள்ளைக்குத் தொடங்கும் முன்பே ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது.

"நேரம் எங்கே இருக்கு ஹஜ்ரத்?"

நியாயமான கேள்விதான். ஃபஜ்ருக்குப் பிறகு மக்தப், பிறகு பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவு ஹோம்வொர்க். பிள்ளை நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறது.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம்தான் நாயகம் (ஸல்) அவர்கள், உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று சொன்னார்கள் (புகாரி). அவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? சோம்பேறியாகக் கிடக்கவில்லை. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. இபாதத்துக்காகவே கூட உடலின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், டியூஷனுக்காகப் பறிக்கலாமா? மதிப்பெண்ணுக்காகப் பறிக்கலாமா?

"ஐந்து வேளை தொழுகிறானே, அது போதாதா?" என்றும் கேட்கிறார்கள். தொழுகை அல்லாஹ்வை நினைவுகூர்வதற்காகக் கடமையாக்கப்பட்டது. அதில் உடலுக்கு நன்மை உண்டு. ஆனால் நிதானமாக, பணிவாகத் தொழ வேண்டிய தொழுகையில் மூச்சு வாங்கும் பயிற்சியைத் தேடக் கூடாது. அதை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம் பள்ளிவாசலுக்கு வரும் வழியிலேயே இருக்கிறது! பள்ளிக்கு நடக்கும் ஒவ்வோர் எட்டிலும் ஒரு பாவம் அழிகிறது, ஓர் அந்தஸ்து உயர்கிறது (முஸ்லிம்). பனூ ஸலிமா கூட்டத்தார் தூரத்திலிருந்து பள்ளிக்கு அருகில் குடிவர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (முஸ்லிம்). நாமோ முந்நூறு அடி தூரத்திற்குப் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் வருகிறோம். ஐந்து வேளையும் பிள்ளையோடு வேகமாக நடந்து வந்து போனால், நன்மையும் எழுதப்படும், நடையும் ஆகிவிடும். தொழுகைக்கு ஓடி வர வேண்டாம் என்ற ஒழுங்கு இருக்கிறது. ஆகவே வரும்போது நடை, திரும்பும்போது ஓட்டம்!

நாயகம் (ஸல்) அவர்கள் சனிக்கிழமை தோறும் குபா பள்ளிக்கு நடந்தும் வாகனத்திலும் சென்று வந்தார்கள் (புகாரி). மஸ்ஜிதுந் நபவியிலிருந்து குபா மூன்று கிலோமீட்டருக்கும் மேல். வாரத்தில் ஒரு நாள் அத்தாவும் மகனும் பக்கத்து முஹல்லாப் பள்ளிக்கு நடந்தே போய்த் தொழுதுவிட்டு வந்தால் என்ன? அந்த நடையில் மகன் பேசுவதை நீங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பெண் பிள்ளைகளை மறந்துவிட்டோம்

கண்ணியமானவர்களே! இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள். மகனாவது தெருவில் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். மகளுக்குப் பத்து வயது ஆனதும் "போதும், உள்ளே வா" என்கிறோம். அதன்பிறகு அவள் உடல் அசைவதற்கு ஓர் இடமும் இல்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 11 முதல் 17 வயது வரை உள்ள ஆண் பிள்ளைகளில் 78 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 85 சதவீதமும் தேவையான அளவு உடல் உழைப்பு இல்லாதவர்கள். இது எல்லாச் சமுதாயத்துக்கும் பொதுவான நோய். ஆனால் நாம் அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சொல்கிறோமே, அதுதான் வேதனை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களோடு ஒரு பயணத்தில் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஆயிஷா நாயகி ஜெயித்தார்கள். பின்னாளில் தம் உடலில் சதை போட்ட பிறகு மறுபடியும் ஓடினார்கள். இம்முறை நாயகம் (ஸல்) ஜெயித்தார்கள். அன்றைக்கு இது ஈடு என்று சொன்னார்கள். அபூதாவூதில் இருக்கிறது இந்த ஹதீஸ். முஸ்னத் அஹ்மதின் அறிவிப்பில், நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டுத்தான் ஓடினார்கள் என்று வருகிறது.

இரண்டு விஷயங்களும் இந்த ஒரே ஹதீஸில் இருக்கின்றன. ஹயாவும் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுவிடவில்லை. சதை போட்ட பிறகு "இனி உனக்கு ஓட்டம் எதற்கு?" என்று கேட்கவில்லை, மீண்டும் ஓட அழைத்தார்கள், தோற்றவரைக் கேலி செய்யவில்லை, சிரிப்போடு முடித்தார்கள்.

பர்தாவைப் பேணுவது நம் கடமை. அதைப் பேணிக்கொண்டே மகள் ஓடுவதற்கு இடம் ஏற்படுத்தித் தருவதும் நம் கடமை. மொட்டை மாடி இருக்கிறது, கயிறு தாண்டலாம். வீட்டு முற்றத்தில் பாண்டி ஆடலாம். உம்மாவும் மகளும் சேர்ந்து வேகமாக நடக்கலாம். நான்கு வீட்டுப் பெண் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு தோட்டம் போதும். இதற்கு வழி செய்யாமல் அவளை உட்கார வைத்து, பிறகு திருமணம் பேசும்போது எடையைக் காட்டிக் குறை சொல்வது என்ன நியாயம்?

கேலி ஒரு பாவம்

பருமனான பிள்ளை ஓடாமல் இருப்பதற்கு எடை மட்டும் காரணமல்ல, கேலியும் காரணம். "குண்டு", "பூசணி", "தக்காளி" என்று மக்தபிலும் தெருவிலும் பெயர் வைக்கிறார்கள். சொந்த மாமாக்களே விருந்தில் வைத்துச் சொல்கிறார்கள். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை அல்லாஹ் குர்ஆனில் நேரடியாகத் தடுத்திருக்கிறான் (49:11).

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கால்கள் மிகவும் மெல்லியவை. மரத்தில் ஏறியபோது காற்றில் ஆடை விலகி அந்தக் கால்கள் தெரிந்தன. தோழர்கள் சிரித்துவிட்டார்கள். மீஸான் தராசில் அந்தக் கால்கள் உஹது மலையை விடக் கனமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (அஹ்மத்). மெலிந்த காலைப் பார்த்துச் சிரித்ததற்கே அந்தப் பதில் என்றால், பருமனான உடலைப் பார்த்துச் சிரிப்பவர்கள் யோசிக்க வேண்டும். அல்லாஹ்வின் தராசு வேறு. பிள்ளைகளிடம் "நீ குண்டு, அதனால் ஓடு" என்று சொல்லாதீர்கள். "வா, நாம் ஓடுவோம்" என்று சொல்லுங்கள்.

தட்டும் தூக்கமும்

ஓட்டம் மட்டும் போதாது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்ற ஹதீஸை (திர்மிதி) எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம், விருந்து நாளைத் தவிர! வாரத்தில் ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டு எந்தப் பிள்ளையும் கெட்டுவிடாது. தினமும் பாட்டில் பானம், பாக்கெட் ஜூஸ், பரோட்டா, பொரித்த கோழி என்பதுதான் கெடுக்கிறது. நோன்பு காலத்தில் கஞ்சியோடு சமோசாவும் வடையும் ரோஸ்மில்க்கும் சேர்ந்து, நோன்பு வைக்காத சின்னப் பிள்ளைகூட நோன்பாளியை விட அதிகம் சாப்பிடுகிறது. சர்க்கரை பானத்தை நிறுத்தித் தண்ணீர் கொடுப்பதே முதல் படி. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்பதுதான் குர்ஆனின் கட்டளை (7:31).

தூக்கமும் இதில் சேரும். இஷாவுக்குப் பிறகு வீண்பேச்சில் இருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் (புகாரி). 5 முதல் 13 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 11 மணி நேரத் தூக்கம் தேவை. பன்னிரண்டு மணி வரை திரையைப் பார்க்கும் பிள்ளைக்குப் பசியும் கூடும், எடையும் கூடும், ஃபஜ்ரும் போகும்.

ஜமாஅத்தாக நாம் செய்ய வேண்டியது

ஹபஷிகள் பெருநாள் அன்று நபியின் பள்ளியிலேயே ஈட்டி விளையாடினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை அனுமதித்தார்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் பார்க்க இடம் தந்தார்கள் (புகாரி). உமர் (ரலி) அவர்கள் தம் கவர்னருக்கு எழுதிய கடிதத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள் (அஹ்மத்). பிள்ளைகளின் உடல் வலிமை ஆட்சியாளரின் கவலையாகவே இருந்தது. வலிமையான முஃமின் பலவீனமான முஃமினை விடச் சிறந்தவர், இருவரிடமும் நன்மை உண்டு என்ற நபிமொழியும் (முஸ்லிம்) நாம் அறிந்ததுதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, மக்தபில் ஓதி முடித்ததும் இருபது நிமிடம் பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் ஓடி விளையாட நிர்வாகிகள் அனுமதிக்க வேண்டும். சத்தம் வரத்தான் செய்யும்; அந்தச் சத்தம் இல்லாத பள்ளி நாளைக்கு ஆளில்லாத பள்ளி. இரண்டு, மக்தப் போட்டிகளில் பரிசாக சாக்லேட் டப்பா கொடுப்பதை நிறுத்தி, கயிறும் பந்தும் பூப்பந்து மட்டையும் கொடுப்போம். மூன்று, பெண் பிள்ளைகளுக்கு மதரஸா கட்டிடத்தின் மாடியை வாரத்தில் சில நாட்கள், பெண் ஆசிரியைகளின் பொறுப்பில், விளையாட ஒதுக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்று அஸர் தொழுததும் போனை வைத்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே போங்கள். பத்து நிமிடம் போதும். நாளை மறுபடியும் போங்கள். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதுதான் (புகாரி).

யா அல்லாஹ்! நீ எங்களுக்குத் தந்த பிள்ளைகளை ஈமானிலும் இல்மிலும் உடலிலும் வலிமையுள்ளவர்களாக ஆக்குவாயாக! அவர்களின் இதயங்களை நோயிலிருந்தும் நிஃபாக்கிலிருந்தும் பாதுகாப்பாயாக! எங்கள் அன்பு அவர்களுக்குக் கேடாக ஆகிவிடாமல் காப்பாயாக! இந்த அமானிதத்தை மறுமையில் குறையின்றி உன்னிடம் ஒப்படைக்கும் நஸீபைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.